மலைக்குள் ஏறும் தண்ணீர்

2024 ஜூலை 16 காலை, கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், கங்காவளி ஆற்றில் ஓர் எரிவாயு டேங்கர் மிதந்து போனது. பார்த்தவர்களுக்கு அது வெடித்துவிடுமோ என்றுதான் பயம். அது எப்படி மிதக்கிறது என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கு மனம் வரும்? நாமக்கல் லாரிக்காரர்கள் ‘புல்லட்’ என்று சொல்லும் அந்த நீள உருளைக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட சமையல் எரிவாயு. அதன் எடை லிட்டருக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும்; ஏறக்குறைய தண்ணீரில் பாதி. எஃகின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் உருளை மூழ்காது. அது மிதந்ததில் புதிர் எதுவும் இல்லை. சாலையில் நின்ற அத்தனை டன் எடையை ஆற்றுக்குள் தள்ளியது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அங்கோலாவை அடுத்த சிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66, ஒரு பக்கம் குன்றும் மறுபக்கம் ஆறுமாக நடுவில் போகிறது. சாலையோரம் ஒரு டீக்கடை. நெடுந்தூர லாரிகள் நின்று, ஓட்டுநர்கள் முகம் கழுவிக் கிளம்பும் இடம். நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு அன்று காலை குன்றின் முகப்பு பெயர்ந்து விழுந்தது. கடையும் அங்கே நின்ற வண்டிகளும் மண்ணோடு ஆற்றுக்குள் போயின. அவ்வளவு மண் ஒரே மூச்சில் ஆற்றில் இறங்கியதால் தண்ணீர் அலையாக எழுந்து, எதிர்க்கரையில் உளுவரே கிராமத்து வீடுகளை அடித்துப் போட்டது. கடலே இல்லாத இடத்தில் சுனாமி போன்ற ஓர் அலை. 1963-இல் இத்தாலியின் வையோந்த் அணைக்குள் மலைச்சரிவு விழுந்து எழுந்த அலை, அணையைத் தாண்டிக் குதித்து இரண்டாயிரம் பேர் அளவுக்கு உயிரைக் குடித்தது. சிரூரில் நடந்தது அதே இயற்பியலின் சின்ன வடிவம். டீக்கடைக் குடும்பம், எதிர்க்கரையில் ஒருவர், தமிழ்நாட்டு டேங்கர் ஓட்டுநர்கள், கேரளத்து லாரி ஓட்டுநர் ஒருவர் என்று பதினொரு பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கேரள லாரி ஆற்றடியிலிருந்து மேலே வந்தது செப்டம்பர் 25 அன்றுதான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சாலை விடுமுறைச் சாலை. கோகர்ணம், முருடேஸ்வரம், கார்வார், அப்படியே கோவா. மும்பைக்கு அருகே பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை 1,600 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இந்த நெடுஞ்சாலையின் கர்நாடகப் பகுதியை இந்தியாவின் மிக அழகான சாலைகளில் ஒன்று என்பார்கள். குந்தாப்பூருக்கு வடக்கே மரவந்தேயில் இடப்புறம் அரபிக்கடல், வலப்புறம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் தார்ச்சாலை. சாலை அழகாக இருப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே: கடலுக்கும் மலைக்கும் இடையில் இடம் இல்லை. கிடைத்த இடுக்கில் சாலை ஒட்டிக்கொண்டு போகிறது.

நமக்குப் புயல் என்றால் வங்கக் கடல். பெயர் வைத்து, நாள் குறித்து, எண் ஏற்றிய கூண்டோடு வருவது. மேற்குக் கரையில் சாலையை அறுப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட புயல் இல்லை. 2021 மே மாதம் தவ்தே புயல் கரையோரமாகப் போனபோது கடற்கரைச் சாலைகளும் வீடுகளும் அடிபட்டது உண்மை. ஆனால் வழக்கமான எதிரி, பெயரில்லாமல் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான். 2024-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 16 சிரூர். அதே மாதம் பெங்களூரு–மங்களூரு நெடுஞ்சாலையில், சக்லேஷ்பூர் அருகே தொட்டதப்பலுவில் மண் சரிந்து சிராடி காட் என்னும் மலைப்பாதை மூடப்பட்டது. திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஜூலை 26-இல் எடகுமரி அருகே ரயில் பாதையின் அடிமண் சரிந்து, மங்களூர் ரயில்கள் நின்றன. ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பிறகு கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்து ஒரு லாரி ஆற்றில் விழுந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அதன் ஓட்டுநர் உயிர் பிழைத்தார். மூன்று வாரத்தில் நான்கு முறிவுகள். 2018 ஆகஸ்டில் நிலைமை இன்னும் மோசம். சிராடியும், மடிக்கேரி வழியாக இறங்கும் சம்பாஜே சாலையும், ரயில் பாதையும் ஒரே சமயத்தில் போயின.

இவ்வளவுக்கும் பெங்களூரில் பெட்ரோல் தட்டுப்பாடு வருவதில்லை. மங்களூரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து ஹாசன் வழியாகப் பெங்களூரு வரை 360 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு குழாய் இதே மலைகளுக்கடியில் ஓடுகிறது. மீனுக்குத்தான் குழாய் இல்லை. அது காட் ஏறித்தான் வர வேண்டும்.

இப்போது மலைக்கு வருவோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே 220 கிலோமீட்டர் போனால் சக்லேஷ்பூர். அதுவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அதாவது ஹாசனைத் தாண்டியும் பீடபூமியின் மேல்தளத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு முப்பது கிலோமீட்டருக்குள் எழுநூறு, எண்ணூறு மீட்டர் இறங்கிவிடுகிறோம். கீழிருந்து பார்க்கும்போதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை மலையாகத் தெரிகிறது. கிழக்கிலிருந்து வருபவருக்கு அது ஒரு பீடபூமியின் உடைந்த ஓரம். அந்த ஓரத்தில் அரபிக்கடலின் ஈரக்காற்று முட்டுகிறது. பருவமழை நாள்களில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோடை ஒன்று சோமாலியா பக்கமிருந்து அரபிக்கடலைக் கடந்து வருகிறது. மலைக்கு முன்னால் அது மேலெழும்பிக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை இறக்கிவிடுகிறது. பெங்களூரில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். மங்களூரில் 3,500-ஐத் தாண்டும். மலை முகப்பில் இருக்கும் அகும்பேயில் 7,000-க்கு மேல். அந்த மழையிலும் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது.

ஆனால் மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் ஒரு கேள்வி இடிக்கிறது. இந்த மழை இங்கே லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்கிறது. இந்த மழைக்கு நிற்க முடியாத சரிவுகள் எல்லாம் எப்போதோ விழுந்திருக்க வேண்டும். 1980-இல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர், உலகின் பல இடங்களில் சரிவுகளைத் தூண்டிய மழைகளைத் தொகுத்து ஒரு குறைந்தபட்ச வரம்பு கண்டார். எவ்வளவு நேரம், எவ்வளவு தீவிரமாகப் பெய்தால் சரிவு தொடங்கக்கூடும் என்ற கணக்கு அது. அவருடைய சூத்திரப்படி 24 மணி நேரத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர். கன்னடக் கரையில் ஜூலை மாதத்தில் அப்படிப்பட்ட நாள்கள் அபூர்வமில்லை! அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமானால் கார்வாருக்கும் மங்களூருக்கும் இடையில் ஒரு குன்றும் மிஞ்சியிருக்காது. நிலம் தன் மழைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது; சாய்வு, மரம், வேர், ஓடை எல்லாம் சேர்ந்த ஒரு பழைய உடன்பாடு. அதைக் கலைத்தது எது என்று தேடினால், பெரும்பாலும் ஒரு மண்வெட்டு இயந்திரத்தின் தடத்தில் போய் நிற்கிறோம்.

அதற்குமுன் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கரையின் குன்றுகளில் மேலே இருப்பது லேட்டரைட் என்னும் செம்புரைக்கல். மங்களூர் வீடுகளின் சுவரில் பார்க்கிற, துளைகள் நிறைந்த சிவப்புக் கல். தண்ணீரை நன்றாக உள்ளே விடும். வெயில் பட்டால் இறுகும். மிக அடியில் கடினமான பாறை. இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாகவோ, இளமஞ்சளாகவோ, ரோஜா நிறத்திலோ மாவு போன்ற ஓர் அடுக்கு வருகிறது. உள்ளூர்க்காரர்கள் இதைச் ‘சேடி’ மண் என்கிறார்கள். பொறியாளர்களின் ஏட்டில் லித்தோமார்ஜ் களிமண். பாறை வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் மக்கி, இரும்பு மேலே தங்கிவிட, மிச்சமானது இது. காய்ந்திருக்கும்போது நெட்டுக்குத்தாக வெட்டினாலும் சுவர்போல நிற்கும். நனைந்தால் வலுவை இழந்து கரையும். சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்தச் சேடி மண்ணை எப்படிக் கட்டி நிறுத்துவது என்றே பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கோடையில் வெட்டிப் பார்க்கும் ஒப்பந்தக்காரரை ஏமாற்றுவதற்கென்றே படைத்ததுபோல ஒரு மண்.

நனைந்தால் வலு ஏன் போகிறது? தண்ணீர் மண்ணை வழுக்கலாக்கிவிடுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். உண்மை அதைவிடச் சுவையானது. கடற்கரை மணலை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மணலில் கோபுரம் நிற்காது. ஈர மணலில் நிற்கும். அலை வந்து முழுக்க நனைத்ததும் சரிந்துவிடும். மணல் துகள்களுக்கு இடையே கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்போது, நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. காற்று முழுதும் வெளியேறி இடைவெளிகள் நீரால் நிறைந்தால் அந்தப் பிடி மறைகிறது. அதோடு நிற்பதில்லை. அடைபட்ட நீர் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. துகள்களைப் பிரித்துத் தூக்கப் பார்க்கிறது. மேலே உள்ள மண்ணின் எடை துகள்களை நெருக்கி உராய்வைத் தருகிறது. உள்ளே உள்ள நீரின் அழுத்தம் அந்த எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொண்டு உராய்வைக் குறைக்கிறது. மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1920-களில் நிறுவிய கொள்கை இதுதான். மலை நிற்பது அதன் எடையால் அல்ல, எடையிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தது போக மிஞ்சுவதால்.

சிவப்புக் கல் நீரை விரைந்து உள்ளே விடுகிறது. அடியில் உள்ள சேடி மண் அவ்வளவு விரைவாக வெளியே விடுவதில்லை. ஆகவே குன்றுக்குள் ஒரு நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது. ஒரு நாள் பேய்மழையைவிடப் பத்து நாள் விடாமழை ஆபத்தாவது இதனால்தான். மழை விட்ட மறுநாள், வானம் வெளுத்து, ‘சாலை திறந்தாச்சு’ என்று செய்தி வரும் நேரத்தில் சரிவுகள் விழுவதும் இதனால்தான். மேலே பெய்தது உள்ளே போய்ச் சேர நேரம் எடுக்கும்.

இந்தச் சரிவின் அடிவாரத்தைத்தான் சாலைக்காக வெட்டுகிறோம். பழைய தேசிய நெடுஞ்சாலை 17 இருவழிச் சாலை. 66 என்று பெயர் மாறிய பிறகு நான்கு வழியாக விரிந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கடம் தெரியும். 30 டிகிரி சாய்ந்த குன்றில் 20 மீட்டர் அகலத்துக்குச் சமதளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட்டுக்குத்தாக வெட்டினால் பின்சுவர் பதினொன்றரை மீட்டர் உயரத்தில் முடிந்துவிடும். மண் பத்திரமாக நிற்கட்டும் என்று 45 டிகிரிக்குத் தணித்து வெட்டினால், வெட்டு குன்றின் மேல் 27 மீட்டர் உயரம் வரை போகும். அள்ள வேண்டிய மண் இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடும். அதற்கு மேலும் நிலம் எடுக்க வேண்டும், வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும். பத்திரமான வெட்டு பார்வைக்கு அதிக நாசமாகவும், ஆபத்தான வெட்டு சிக்கனமாகவும் தெரிகிற விசித்திரம் இது. செங்குத்தாக வெட்டுவதை வெறும் ஊழல் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. திட்ட மதிப்பீட்டுத் தாளிலேயே அந்த ஆசை எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

வழி இல்லாமல் இல்லை. படிப்படியாக வெட்டலாம், ஒவ்வொரு படியிலும் வடிகால் வைக்கலாம். சரிவுக்குள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத் துளையிட்டு, சல்லடைக் குழாய்களைச் செருகி, உள்ளே ஏறும் நீரை வெளியே வடிக்கலாம். நீண்ட எஃகுக் கம்பிகளை அறைந்து, மேலே வலை போர்த்தலாம். இவற்றில் மலிவானதும் பலன் மிக்கதும் நீரை வெளியேற்றுவது; புகைப்படத்தில் எடுபடாததும் அதுதான். சரிந்த இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் திறப்பு விழா நடத்தலாம். மண்ணுக்குள் மறைந்துபோகும் குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? வடிகால் இல்லாத சுவரோ தன் பின்னால் நீரைத் தேக்கித் தன்னையே தள்ளிக்கொள்ளும். சிரூரைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதற்கட்ட ஆய்வு, மழையோடு சேர்த்துச் சாலைக்காகச் சரிவு வெட்டப்பட்டதையும் காரணமாகச் சொன்னது.

தேடும் பணி ஏன் அவ்வளவு நீண்டது என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்கும் ஈரக் களிமண்ணே பாதிப் பதில். மண்ணுக்குள் புதைந்ததைக் காணும் ரேடார், காய்ந்த மணலில் பல மீட்டர் ஆழம் பார்க்கும். நீரூறிய களிமண்ணில் மின்கடத்துதிறன் அதிகமாதலால் அலை கொஞ்ச தூரத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மீதிப் பதில் ஆற்றின் வேகம். பெருக்கெடுத்த கங்காவளியில் முக்குளிப்பவர்கள் கயிற்றைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. கோவாவிலிருந்து தூர்வாரும் படகு வரும் வரை, அதுவும் மழை தணியும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? பாதி முடியும். பெங்களூரு எலகங்காவில் உள்ள கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்துக்கு, மாநிலத்தின் கிராமப் பஞ்சாயத்துகளில் வைத்திருக்கும் தானியங்கி மழைமானிகளிலிருந்து நிமிடக் கணக்கில் தகவல் வருகிறது. இந்திய வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டுமென்றால் ‘அதிகனமழை’ என்று சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. ஆக, மலை மேல் விழும் மழையை அறிவோம். மலைக்குள் ஏறிய நீரை அறியோம். சரிவுக்குள் துளையிட்டு நீரழுத்தமானி வைத்தால் அதுவும் தெரியும். ஒவ்வொரு குன்றிலும் வைக்க முடியாது, வாகனங்கள் வரிசையில் போகும் சில டஜன் வெட்டுகளில் வைக்கலாம். சிரூர் சரிந்து மூன்றாம் நாள், ஜூலை 19 அன்று, கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. அதன் தொடக்க முன்னறிவிப்புகள் டார்ஜிலிங், கலிம்போங், நம் நீலகிரி ஆகிய மாவட்டங்களுக்கு. கன்னடக் கரை அந்தத் தொடக்கப் பட்டியலில் இருக்கவில்லை.

வானத்திலிருந்தும் பார்க்கலாம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ரேடார்கள் கோளோடு இணைக்கப்பட்டது பெங்களூரில்தான். ஒரே இடத்தை 12 நாளுக்கொரு முறை இரண்டு அலைநீளங்களில் படமெடுக்கும். அதில் 24 சென்டிமீட்டர் அலை இலைதழைகளை ஊடுருவி நிலத்தைத் தொடக்கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற காட்டுச் சரிவுகளுக்கு இது பெரிய வரம். இரண்டு படங்களின் அலைக்கட்டங்களை ஒப்பிட்டு, சரிவு சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

இதன் பலனையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது கலிபோர்னியா. பிக் சர் கரையோரம் போகும் நெடுஞ்சாலை 1, உலகப் புகழ்பெற்ற கடற்கரைச் சாலை. அடிக்கடி அறுபடுவதிலும் அதற்குப் புகழ் உண்டு. 2017 மே 20 அன்று மட் கிரீக் என்ற இடத்தில் மலை கடலுக்குள் இறங்கிச் சாலையில் 400 மீட்டரைப் புதைத்தது. சாலை மறுபடி திறக்க 2018 ஜூலை வரை ஆனது. அதுவும் விழுந்த மண்ணின் மேலேயே புதிதாகப் போட்ட சாலை. உயிர்ச்சேதம் இல்லை. சரிவு அசைவதைக் கண்டு வேலையாட்களையும் இயந்திரங்களையும் முன்பே விலக்கிவிட்டிருந்தார்கள். பழைய ரேடார் படங்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, அந்த மலை ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஊர்ந்து காட்டிக்கொடுக்கும் மலைகளுக்கு இது சரி. சேடி மண்ணில் செங்குத்தாக நிற்கும் வெட்டுச் சுவர் அப்படி ஊர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள 12 நாளில், ஒரே காலையில், விழுந்துவிடலாம். நிசார் வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று தலைப்பு போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரவந்தேயில் ஆபத்து மேலிருந்து வருவதில்லை. மழைக்கால அலைகள் செங்குத்தானவை. கரை மணலை அரித்துச் சற்றுத் தள்ளிக் கடலடியில் மேடாகக் குவிக்கின்றன. மழைக்காலம் முடிந்து நீண்ட மென்மையான அலைகள் வரும்போது அதே மணல் கரைக்குத் திரும்புகிறது. கடற்கரை ஆண்டுதோறும் இப்படிப் போய்வருவது இயல்பு. அந்தப் போய்வரும் இடத்தின் மேலேயே நாம் சாலையைப் போட்டிருப்பதால், இயல்பான அரிப்பு ‘கடல் சீற்றம்’ என்று பெயர் பெறுகிறது. பாறாங்கற்களைக் கொட்டினால் சாலை தப்பும். ஆனால் கற்சுவரில் மோதித் திரும்பும் அலை காலடி மணலைத் தோண்டும், கற்கள் இறங்கும், மறுபடி லாரி லாரியாகக் கொட்ட வேண்டும். கடலுக்குள் நீட்டிய தடுப்புகள் மணலைப் பிடித்து வைக்கின்றன. ஓர் இடத்தில் பிடித்த மணல் பக்கத்துக் கரைக்குப் போகாது.

இதே கரையில், இதே செம்புரைக்கல்லிலும் சேடி மண்ணிலும், நெடுஞ்சாலைக்குத் துணையாக இன்னொரு வழி ஓடுகிறது: கொங்கண் ரயில்வே. ரோஹாவிலிருந்து மங்களூரு அருகே தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். 1998 ஜனவரியில் முழுமையாகத் திறந்தது. அதன் முதல் சில மழைக்காலங்கள் கொடியவை. 2003 ஜூன் 22 இரவு, கார்வாரிலிருந்து மும்பை சென்ற கோடைச் சிறப்பு ரயில் வைபவ்வாடி அருகே, தண்டவாளத்தில் விழுந்து கிடந்த பாறைகளில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 16-இல் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதேபோலப் பாறையில் மோதித் தடம் புரண்டது. அதன்பிறகு அந்த ரயில்வே நடந்துகொண்ட விதத்தைப் படித்தால் மரியாதை வருகிறது. சரிவுகளைத் தணித்தார்கள், படி வெட்டினார்கள், வலை போர்த்தினார்கள். ஆபத்தான வெட்டுகளில் ‘ரக்ஷா தாகா’ என்ற உணரிகளைக் கோத்தார்கள். மண் சரிந்தால் சமிக்ஞை போய் ரயில் நிற்கும். மழைக்காலம் முழுக்கக் காவலாளிகள் தண்டவாளத்தில் நடக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் மழைக்காலத்துக்கென்று தனி அட்டவணை. ஜூனில் ரயில்கள் வேகம் குறைகின்றன, பயண நேரம் நீள்கிறது, பயணிகள் அதைத் தெரிந்தே டிக்கெட் எடுக்கிறார்கள். மலை மாறிவிடவில்லை. 2024 ஜூலையில்கூடக் கோவாவின் பேட்ணே சுரங்கத்துக்குள் சேறும் நீரும் பொங்கி ரயில்கள் ரத்தாயின. ரத்தாயின, அவ்வளவே.

பக்கத்தில் ஓடும் நெடுஞ்சாலைக்கு ஜனவரியும் ஜூலையும் ஒன்றுதான். இதில் எளிய கணக்கொன்று இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி, 300 மீட்டர் நீளமுள்ள ஓர் ஆபத்தான வெட்டைப் பதினெட்டு விநாடியில் கடந்துவிடும். அதே வெட்டின் கீழே அரை மணி நேரம் நிறுத்தினால், அந்த ஓட்டுநர் ஏற்கும் ஆபத்து நூறு மடங்கு. சிரூரில் சிக்கிய வண்டிகளில் பல, ஓடிக்கொண்டிருந்தவை அல்ல, நின்றுகொண்டிருந்தவை. நீரழுத்தமானியும் செயற்கைக்கோளும் வரட்டும். அதற்குள் வெட்டுச் சரிவுகளின் கீழே மழைக்காலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று சொல்லலாம். சொன்னால் மட்டும் போதாது. விடிய விடிய ஓட்டி வருபவருக்கு நிறுத்த வேறு இடம் கொடுக்க வேண்டும்: சமதளத்தில், தண்ணீரும் கழிப்பறையும் சாப்பாடும் உள்ள இடம். நான்கு வழிச் சாலைத் திட்டங்களில் சுங்கச் சாவடி தவறாமல் வந்துவிடுகிறது. லாரி நிறுத்துமிடம் பல இடங்களில் வரைபடத்தோடு நின்றுவிடுகிறது.

சாலையை மூடும் அதிகாரம் கர்நாடகத்தில் மாவட்ட ஆட்சியரான டி.சி. கையில் இருக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அகும்பே மலைப்பாதையில், அண்மை ஆண்டுகளில் மழைக்காலத் தொடக்கத்திலேயே கனரக வாகனங்களுக்குத் தடை ஆணை வந்துவிடுகிறது. மண் விழும்வரை காத்திருப்பதில்லை. சிராடியில் ஆணை பெரும்பாலும் மண் விழுந்த பிறகுதான் வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மழை, ஒரே மலை, ஒரே சட்டம். அகும்பேயை மூடினால் சில சுற்றுலாப் பயணிகள் முணுமுணுப்பார்கள். சிராடியை மூடினால் பெங்களூரில் மீன் விலை ஏறும், மங்களூரின் பனம்பூர் துறைமுகத்தில் சரக்கு தேங்கும், லாரி உரிமையாளர்கள் தலைமைச் செயலகமான விதான சௌதாவுக்குத் தொலைபேசி போடுவார்கள்.